மிஸ்ஸியின் முயலும் எங்கள் முயலும்

மகள் கம்பஸுக்குப் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போனவற்றில் எனக்குக் கடைசிவரை பிடிபடாதது அந்த முயல்தான். உடுப்புகளை மடித்து அலுமாரியில் வைத்தேன். புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். முயலை எங்கே தள்ளுவது? பின்பக்கத்து வராந்தாவில், என் கணவர் அடித்துக் கொடுத்த மரக்கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் போகும்போதும் வரும்போதும் அது என்னையே பார்த்தது. பார்த்தது என்று நான்தான் சொல்கிறேன். அங்கோரா முயல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை மேசையில் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அந்தப் பஞ்சுக்குள் எங்கோ இரண்டு சிவப்புக் கண்கள், காது நுனிகளில் இரண்டு குஞ்சங்கள்.

நாங்கள் இருப்பது தெமோதரைப் பக்கத்தில், தோட்டம் கொடுத்த வீட்டில். என் கணவர் தேயிலை ஃபெக்டரியில் கிளார்க். நான் பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை. மகளோ போகும் முன் என்னை இருத்தி வைத்துப் பாடம் எடுத்தாள். தினமும் பின்னேரம் சீப்புப் போட வேண்டும். சிக்கு விழக்கூடாது. விழுந்தால் கத்தரிக்கோலைக் கொண்டு போகாமல் விரலால் பிரிக்க வேண்டும்.

"அது தன்னையே நக்கிக்கிட்டு இருக்கும்மா. முடிய விழுங்கினா வயித்துல அடைச்சிக்கும். அப்புறம் பொழைக்காது" என்றாள்.

அன்பினால் அல்ல, அந்தப் பயத்தினால்தான் நான் சீப்பை எடுத்தேன். முதுகில் போட்டால் பேசாமல் இருக்கும். வயிற்றுப் பக்கம் கொண்டு போனால் பின்னங்காலால் பலகையில் ஓங்கி ஒரு அடி அடிக்கும். பக்கத்து வீட்டுக்கே கேட்கும். பப்பாசி இலை என்றால் உயிர். இவ்வளவுதான் அதைப்பற்றி எனக்குத் தெரிந்தது. ஒரு முயலைப்பற்றி அதற்கு மேலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

ஒரு நாள் மகள் ஃபோனில், "அம்மா, பண்டாரவளையில அங்கோரா போட்டி வைக்கிறாங்க. பேரு குடுத்துட்டேன்" என்றாள்.

"யாரு பேர?"

"ஐயோ அம்மா. முயல சேர்த்துட்டேன்னு சொல்றேன்."

"அதுக்கு அங்க என்ன போட்டி? ஓட விடுவாங்களா?"

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அழகு பார்ப்பார்கள், ரோமம் பார்ப்பார்கள், கொண்டு போய் மேசையில் வைத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள்.

போட்டிக்கு முதல் நாள் தலைமுடி காய வைக்கும் மெஷினில் சூடில்லாத காற்றை வைத்து அதற்கு அடித்தோம். நான் பிடிக்க, இவர் அடித்தார். சமையலறை முழுவதும் வெள்ளைப் பஞ்சு பறந்தது. இவர் தும்மித் தும்மிக் கண் சிவந்து, "இதுக்கும் ஒனக்கும் கல்யாணமா நாளைக்கு?" என்று கேட்டார்.

காலை ரயிலில் புறப்பட்டேன். மரக்கறி யாவாரிகள் பாவிக்கும் நீலப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் சாக்கு விரித்து, மேலே வலைபோட்டுக் கட்டியிருந்தோம். பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது எனக்கு முதல் அதிர்ச்சி, அங்கே வந்திருந்த பாதிப் பேரிடம் அதே நீலப் பெட்டி. இரண்டாவது அதிர்ச்சி, எல்லாப் பெட்டிக்குள்ளும் அதே முயல். சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு, காப்பி நிறத்தில் ஒன்று. மற்றதெல்லாம் வெள்ளை. சிவப்புக் கண். குஞ்சம்.

வாசலில் ஒருவர் முயலின் காதைப் பிரித்து, உள்ளே மார்க்கர் பேனையால் ஓர் இலக்கம் எழுதினார். என்னை எங்கே நிற்கச் சொல்கிறார் என்று விளங்காமல் நான் ஆண் முயல்களின் வரிசைக்கும் பெண் முயல்களின் வரிசைக்கும் நடுவில் நின்றேன். அப்போதுதான் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சாலை வாங்கோ பிள்ளை. முதல் தரமோ?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. இங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு வார்டில் நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஊருக்குத் திரும்பாமல் பண்டாரவளையிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டவர். எங்கள் பக்கத்தில் நர்ஸ்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மண்டபத்தில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் படிப்பிக்கிறேன் என்று தெரிந்ததும் அவர் என்னை டீச்சர் என்றார். அவருடையது பெண் முயல், எங்களுடையது ஆண். என்னுடைய பெட்டியைத் தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, எப்போது எழும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்.

நடுவர் கீழ்நாட்டிலிருந்து வந்த சிங்களவர். வெள்ளைக் கோட் போட்ட ஒல்லியான மனிதர். மேசையில் கம்பளம் விரித்து, ஆண் முயல்களை வரிசையாக வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் புரட்டி ஆணா என்று பார்த்தார். பல்லைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, முதுகு ரோமத்துக்குள் மெல்ல ஊதினார். ரோமம் பூவாக விரிந்து நடுவில் ஒரு பொட்டளவு தோல் தெரிந்தது. அந்தப் பொட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு அடர்த்தி என்று மிஸ்ஸி காதுக்குள் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஆனால் அவர் பேசியதில் பாதி முயல்காரர்களின் இங்கிலீஷ். ஏதோ நல்லது என்றார், ஏதோ போதாது என்றார். எது நல்லது, எது போதாது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மேசையிலிருந்து தூக்கச் சொன்னார். தூக்கப்பட்ட முயலை உரியவர்கள் அணைத்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் தெரிவாகிப் போகிறார்கள், என்னுடையதை மட்டும் யாரும் கேட்கவில்லை என்று நினைத்தேன். கடைசியில் மேசையில் ஒரே ஒரு முயல் மிஞ்சியது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மகள் ஏன் என்னை இப்படி ஒரு இடத்துக்கு அனுப்பினாள் என்று கோபம் வந்தது. நடுவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மண்டபம் கை தட்டியது.

"டீச்சர், போய் வாங்குங்கோ! உங்கட முயலுக்குத்தான் முதலாமிடம்!" என்று மிஸ்ஸி என் முதுகில் தட்டினார்.

நீல ரிப்பன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. மிஸ்ஸியின் முயலுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கழுத்துப் பக்கம் ரோமம் போதாதாம். "அடுத்த முறைக்கு வளர்ந்திடும்" என்று அவர் அதன் கழுத்தைத் தடவினார்.

பின்னேரம் மழை கொட்டியது. கரண்டும் போய்விட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த அரை இருட்டில் பெட்டிகளைத் தூக்கினோம். யாரோ என் கையில் ஒரு நீலப் பெட்டியைத் தந்தார்கள். வலைக்குள் வெள்ளை முயல் இருந்தது. நான் குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்த முயல் பப்பாசி இலையை மோந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"பிரயாணக் களைப்பு. ஒனக்கும்தான் சோறு எறங்கல" என்றார் இவர்.

காதைப் பிரித்துப் பார்த்தேன். இலக்கம் இல்லை. மகளிடம் கேட்டபோது, அது காதைத் துடைத்துக்கொண்டே இருக்கும், மை போயிருக்கும் என்றாள். மறுநாள் சீப்புப் போட்டேன். வயிற்றுப் பக்கம் கொண்டு போனேன். கால் அடிக்கவில்லை. என் கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. முதல் பரிசு வாங்கியதில் பிள்ளைக்குக் குணம் வந்துவிட்டது என்று இவர் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்தாலும், பாடசாலையில் கரும்பலகை முன் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று அந்த மூடிய கண் ஞாபகம் வரும்.

மகளுக்கு வீடியோவில் காட்டினேன். "இது நம்மளோடதுதானா பாரு."

"என்னம்மா கேள்வி இது? நம்மளோடது மாதிரித்தான் இருக்கு."

மாதிரி என்ற அந்தச் சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். பாடசாலை விட்டு வந்தபோது கூடு முழுவதும் பஞ்சு. முயல் தன் நெஞ்சு ரோமத்தை வாயால் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கியதை மூலையில் வைத்து, சாக்கு நூலைக் கடித்துக் கொண்டு வந்து அதன் மேல் அடுக்கியது. கழுத்துக்குக் கீழே ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. வயிற்றில் அடைத்துக்கொண்டு செத்துப் போகும் என்று மகள் சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உடுப்பை மாற்றாமலே திரீவீல் பிடித்து, பதுளையில் இருக்கும் மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன்.

இளம் டாக்டர். தமிழ்ப் பெண். முயலைப் புரட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. நோய் இல்ல. குட்டி போடுறதுக்குக் கூடு கட்டுது."

"இது ஆம்பள முயல் டாக்டர்."

அவர் இன்னொரு முறை பார்த்தார். "இல்லீங்க. பொட்ட."

"போட்டியில ஆண் முயல்ல முதல் பரிசு வாங்கினது. ஜட்ஜ் பொரட்டிப் பார்த்தாரு. நான் பக்கத்துல நின்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்த விதத்தில், நான் சொல்வதை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குட்டி ஒன்றும் இல்லை, இது பொய்ச் சினை என்றார். ஆண் முயல்களுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தால் சில பெண் முயல்களுக்கு இப்படி வருமாம். உடம்பு நம்பிவிடுமாம். கூடு கட்டும், ரோமம் பிடுங்கும், பிறகு ஒன்றும் இல்லாமல் அடங்கிவிடும். திரும்பும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இல்லாத குட்டிக்காகவா இவ்வளவையும் பிடுங்கியது? அதற்குச் சொல்லி விளங்க வைக்க முடியுமா? எனக்கே விளங்கவில்லை.

அன்றிரவு இவர் தீர்ப்புச் சொன்னார். "ஜட்ஜுக்குக் கண்ணு தெரியல. இல்லாட்டி முயல் மாறியிருக்கு. ரெண்டுல ஒண்ணு."

போட்டி வைத்த சங்கத்துக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். நடுவர் பிழை விடமாட்டார் என்றார். அப்படியானால் முயல் மாறியிருக்கிறது என்றேன். அன்றைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். அப்படியானால் ஆண் முயல் எப்படிப் பெண்ணானது என்று கேட்டேன். அதை மிருக வைத்தியரிடம் கேட்கச் சொன்னார்.

பிறகு மிஸ்ஸிக்கு எடுத்தேன். எங்கள் பெட்டிகள்தானே பக்கத்தில் இருந்தன. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன டீச்சர் கதைக்கிறியள்? எனக்கு என்ர முயலைத் தெரியாதோ? முந்தியைவிட இப்ப நல்லாச் சாப்பிடுது. கழுத்து முடியும் அடர்த்தியா வந்திட்டுது."

நான் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"உங்கட முயலைத் தூக்கிக்கொண்டு ஒருக்கா வாங்கோ."

சனிக்கிழமை போனேன். மிஸ்ஸி தனியாக இருந்தார். சாப்பாட்டு மேசையில் துவாய் விரித்து அதன் மேல் அவருடைய முயலை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அதைப் புரட்டிக் காட்டினார்.

"ஆண்" என்றார். "கொஞ்ச நாளா ஒரு மூத்திர மணம் வந்தது. நான் கூட்டைக் கழுவிக்கொண்டே இருந்தன். ஒருக்காத் திருப்பிப் பாக்கவேணும் எண்டு எனக்கு வரேல்லை. கண்ணும் முந்தி மாதிரி இல்லைத்தான். எண்டாலும் இது கண்ணால வந்த பிழையோ?"

நான் கொண்டு வந்ததை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று மோந்து பார்த்தன. மிஸ்ஸி தன் முயலின் வெறும் நெஞ்சைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்த போட்டிக்கு என்று வளர்த்த ரோமம். நான் பொய்ச் சினை பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"டீச்சர், வார்டில பிள்ளை பிறந்த உடனே கையில துணிப்பட்டி கட்டுறது நான்தான். தாயின்ர பேரை எழுதி, அழ அழக் கட்டுவன். வேற ஆரையும் கட்ட விடமாட்டன். ஒரு பிள்ளையும் மாறேல்லை எண்டு எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுறனான்." துவாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "இப்ப யோசிக்கிறன். மாறேல்லை எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க மிஸ்ஸி."

"சில நாளில வார்டிலையும் கரண்ட் போறது. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வெள்ளைத் துணிக்குள்ளதான் கிடக்கும். இந்தச் சீவனை ஒவ்வொரு நாளும் மடியில வைச்சுத் தடவினனான். அதையே எனக்குத் தெரியேல்லை."

என் மகள் பிறந்தது மிஸ்ஸி வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரியில்தான். போட்டி நடந்த அன்றே அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பேச்சில் மறந்துவிட்டது. இப்போது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் மகளுக்கு என் மாமியாரின் அதே தாடை. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தத் தாடையை நான் மனதுக்குள் இரண்டு மூன்று தரம் பார்த்துக்கொண்டேன்.

மிஸ்ஸி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முயல்களை மாற்றிக்கொண்டோம். அவர் என் பெட்டிக்குள் ஆண் முயலை வைத்துவிட்டு, கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கும் அந்தப் பெண் முயலை விட்டுவிட்டு வருவது லேசாக இருக்கவில்லை. அதற்கு இரண்டு நாளாக நான் நெஞ்சில் எண்ணெய் தடவியிருந்தேன்.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பப்பாசி இலை போட்டேன். முயல் ஆசையாகத் தின்றது. "பாத்தியா, நம்ம ஆளு வந்துட்டான்" என்றார் இவர். பின்னேரம் சீப்பை எடுத்து வயிற்றுப் பக்கம் கொண்டு போனேன். கால் அடிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். பேசாமல் இருந்தது.

மிஸ்ஸியிடம் ஃபோனில் கேட்டேன். தான் மெல்ல மெல்லப் பழக்கிவிட்டதாகச் சொன்னார். இருக்கலாம். அவர் கை அப்படிப்பட்ட கை. ஆனால் அந்த மண்டபத்தில் வெள்ளை ஆண் முயல்கள் வேறும் இருந்தன. அதே பெட்டிகள், அதே இருட்டு. மாறியது இரண்டு பெட்டிகள் மட்டும்தான் என்று யார் சொன்னது? இதை நான் இவரிடம் சொன்னதும் அவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ இனி முயலப்பத்தி எங்கிட்ட பேசாத" என்றார்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் அவளைக் கூட்டுக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தினேன். அவள் தூக்கி, முகத்தை அந்தப் பஞ்சுக்குள் புதைத்து, "என் தங்கம், இவன்தான்!" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. இராச் சாப்பாட்டின்போது அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, இவன் முந்தி இவ்வளவு பாரமா இருந்தானா?" என்று கேட்டாள். நான் அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தேன். இவர் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

அடுத்த போட்டிக்கு நானும் மகளும் சேர்ந்தே போனோம். மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் மிஸ்ஸி. அவருடைய முயலுக்கு நெஞ்சு ரோமம் இன்னும் வளர்ந்து முடியாததால் அவர் அதைக் கொண்டு வரவில்லை. சங்கத்துக்காரரோடு சண்டை பிடித்து இந்த வேலையை வாங்கியிருந்தார். ஒவ்வொரு முயலையும் புரட்டிப் பார்த்து, பெட்டியிலும் முயலின் முன்னங்காலிலும் ஒரே இலக்கம் எழுதிய துணிப்பட்டியைக் கட்டினார். கண்ணாடி புதிது.

அதே நடுவர். அதே ஊதல். இந்த முறை, தூக்கச் சொன்னால் தோல்வி என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் முயலை இரண்டாவதாகத் தூக்கச் சொன்னார். ரோமம் மென்மை போதாது என்றார். போன முறை இதே மனிதர் அதைத்தான் முதலாமிடத்தில் வைத்தார். ரோமம் முதிர்ந்துவிட்டதா, அவர் மனது மாறிவிட்டதா, அல்லது இது அவர் முன்பு பார்த்த முயலே இல்லையா? மகள், "பரவாயில்லம்மா" என்றாள். எனக்குத் தோற்றது பரவாயில்லை. எது தோற்றது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

வெளியே வரும்போது மிஸ்ஸி எங்களை நிறுத்தினார். பெட்டியின் இலக்கத்தையும் காலின் இலக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். முயலைப் புரட்டிப் பார்த்தார். பட்டியை அவிழ்த்தார்.

"மிஸ்ஸி" என்றேன், "இது எங்களோடதுதானா?"

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மகளையும் பார்த்தார்.

"காலமை நீங்கள் கொண்டு வந்தது இதுதான். அதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு" என்றார்.

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நாங்கள் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தோம்.